கருக்கல் இருக்க மங்கல் எதற்கு?

கேள்வி: ஐயா, சத்தியமங்கலம் காட்டைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் முயலைக் ‘கிரிபஸ்குலர்’ விலங்கு என்கிறார்கள். அகராதியில் ‘மங்கலான’ என்ற பொருளைக் கண்டு ‘மங்கலான விலங்கு’ என்று எழுதிவிட்டேன், மனம் ஒப்பவில்லை. மேகத்தின் இடுக்கில் விரியும் ஒளிக்கதிருக்கும் இதே அடைமொழியைப் பார்த்திருக்கிறேன். ‘இரவில் நடமாடும்’ என்று எழுதலாமா?
— வாசகி ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: தங்கள் மனம் ஒப்பாதது சரியே, ‘இரவில் நடமாடும்’ என்பதும் பொருந்தாது. இரவில் நடமாடுவதற்கு ஆங்கிலத்தில் ‘நாக்டர்னல்’ என்றும், பகலில் நடமாடுவதற்கு ‘டையர்னல்’ என்றும் தனிச்சொற்கள் உள்ளன. தாங்கள் கேட்ட சொல் அவ்விரண்டுக்கும் நடுவே, பொழுது கிளம்புவதற்குச் சற்று முன்னும் பொழுது சாய்ந்த பின் சற்று நேரமும் நிலவும் அரையிருளுக்கு உரியது. இலத்தீனில் ‘கிரெபுஸ்குலும்’ என்றால் அந்த வேளை. அதற்கும் அடியில் நிற்பது இருண்ட என்னும் பொருளுடைய ‘கிரெப்பெர்’. உச்சரிக்கும்போது ‘பஸ்’ என்னும் அசையை அழுத்த வேண்டும்.

முயலுக்கு இந்த அடைமொழி ஏன் என்பதைத் தங்கள் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரரே சொல்வார். வெயிலின் கடுமையும் இல்லாமல், கண் தெரியாத இருட்டும் இல்லாமல் இருக்கும் அந்த இரு வேளைகளில்தான் அது மிகுதியாக மேய வருகிறது. இரவிலும் மேயும் என்றாலும் அதன் சுறுசுறுப்பு இவ்விரு வேளைகளில் கூடுகிறது. விடியலில் மட்டும் நடமாடுவனவற்றுக்கு ‘மாட்யூட்டினல்’, மாலையில் மட்டும் நடமாடுவனவற்றுக்கு ‘வெஸ்பர்டைன்’ என்று விலங்கியலார் மேலும் பிரிப்பதும் உண்டு.

ஒளிக்கதிருக்கு வந்தது இதன் இன்னொரு வழக்கு. கோவையிலிருந்து மேற்கே பார்த்தால், வெள்ளியங்கிரி மலைக்குப் பின்னே பொழுது இறங்கும்போது மேகத்தின் இடுக்குகளில் கதிர்கள் விசிறிபோல விரிவதைக் காணலாம். உண்மையில் அவை ஏறத்தாழ இணையானவை. தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோலத் தோன்றும் அதே கண்மயக்கம்தான் அவற்றையும் விரித்துக் காட்டுகிறது. நடுப்பகலில் இப்படித் தெரிவதையும் இதே பெயரால் அழைக்கிறார்கள். அங்கே வேளைப் பொருள் நழுவிவிட்டது. தெளிவற்ற கருத்து, மங்கிய நினைவு ஆகியவற்றுக்கு இலக்கிய நடையில் இச்சொல்லை உருவகமாக ஆள்வார்கள். தங்கள் அகராதி தந்த ‘மங்கலான’ இந்த வழக்குக்குச் சரி, முயலுக்குச் சரியன்று.

தமிழில் என்ன எழுதுவது? ‘அந்தி’ என்ற சொல் முதலில் நினைவுக்கு வரும். புறநானூற்றின் 34ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் ‘காலை அந்தியும் மாலை அந்தியும்’ என்று பாடியிருப்பதால், ஒரு காலத்தில் அது இரு வேளைக்கும் பொதுவாக இருந்தது உறுதி. ஆனால் இன்று அந்தி என்றால் படிப்பவர் மனத்தில் மாலை மட்டுமே எழும்; விடியற்காலை முயல் விடுபட்டுப்போகும்.

நம் பக்கத்துத் தோட்டங்காடுகளில் இன்றும் புழங்கும் ‘கருக்கல்’ இதைவிடப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. விடியக் கருக்கலில் எழுந்து பால் கறக்கப் போகிறோம் என்பார்கள். பொழுது மசங்கும் வேளையையும் கருக்கல் என்பது உண்டு. இரு வேளையையும் ஒரே சொல் தாங்குகிறது. கருமையிலிருந்து பிறந்ததால் இலத்தீன் வேரின் பொருளோடும் ஒத்துப்போகிறது. கொங்கு நாடு நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 11 பாகை மட்டுமே வடக்கே இருப்பதால், கதிரவன் அடிவானுக்கு 6 பாகை கீழிறங்கும் வரை நீடிக்கும் வெளிச்சம் இங்கே 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். இங்கிலாந்தின் கோடையிலோ அது 40 நிமிடத்தைத் தாண்டும். அவ்வளவு குறுகிய வேளைக்கும் நம் முன்னோர் பெயர் வைத்திருக்கும்போது, புதுச்சொல் ஆக்கத் தேவையே இல்லை.

ஆகவே, ‘முயல் கருக்கலில் நடமாடும் விலங்கு’ என்று எழுதுங்கள். பிற மாவட்டத்தாரும் படிக்கும் கட்டுரை என்றால், முதல் இடத்தில் மட்டும் ‘விடியலிலும் மாலையிலும் கருக்கல் வேளையில் நடமாடும்’ என்று விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு ‘கருக்கல் விலங்கு’ என்றே சுருக்கிக்கொள்ளலாம்.