ஆளுமையும் ஆளின்மையும்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் டிராவிஸ் ஹன்டர் என்றொரு இளைஞர் தன் அணிக்காகப் பந்தைப் பிடிக்கவும் செய்கிறார், எதிரணி பிடிப்பதைத் தடுக்கவும் செய்கிறார். இப்படி ஒருவர் இதற்குமுன் இருந்ததே இல்லை என்கிறான் டெக்ஸாஸில் வேலை பார்க்கும் என் மகன். உண்மையிலேயே அந்த விளையாட்டில் அவருக்கு முன்னால் பன்முக ஆளுமை என்று யாருமே இல்லையா?
வாசகர் ஒருவர், தாம்பரம்.

பதில்: 'பன்முக ஆளுமை' என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ஹன்டர், டெக்ஸாஸ், உங்கள் மகன் எல்லாம் அப்புறம்.

இந்த வாரம் என் மேசைக்கு வந்த நான்கு அழைப்பிதழ்களில் மொத்தம் ஆறு பன்முக ஆளுமைகள் இருக்கிறார்கள். கவிஞர், சிறுகதையாளர், விமர்சகர், மொழிபெயர்ப்பாளர், ஆவணப்பட இயக்குநர், களப்பணியாளர் என்று பெயருக்குப் பின்னால் கூட்ஸ் வண்டி மாதிரி கோத்துக்கொண்டு போகிறது. இத்தனை பெட்டிகளை இழுக்கிற எஞ்சின் எங்கே என்று தேடினால், எப்போதோ வந்த ஒரு தொகுப்பு. 64 பக்கம். அதில் 14 பக்கம் முன்னுரை, அதுவும் இன்னொரு பன்முக ஆளுமை எழுதியது.

இந்தச் சொல்லை ஐந்து வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது என்று இதே பக்கத்தில் முன்பு எழுதியதற்காக ஒரு இலக்கிய அமைப்பு நம் இதழை வாங்குவதையே நிறுத்தியது. சந்தா பாக்கி இருந்தது, அதையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். பல முகம் கொண்டவர்கள் எல்லா முகத்தையும் ஒரே நேரத்தில் திருப்பிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதோ இந்த இதழுக்கு ஆசிரியர் நான். பிழை திருத்துவது நான். அச்சகத்துக்கு ஓடுவது நான். முகவரி ஒட்டுவதும் நான். இதை எவரும் ஆளுமை என்று சொன்னதில்லை. 'பாவம், ஆள் இல்லை' என்றுதான் சொல்கிறார்கள். ஆளுமைக்கும் ஆளின்மைக்கும் நடுவில் பெரிய தூரம் ஒன்றும் கிடையாது. உங்கள் கேள்விக்கான பதிலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. அதன் பெயர் சாமி பா.

அச்சுப்பிழை இல்லை, பெயரே அதுதான். 1914இல் டெக்ஸாஸில் டெம்பிள் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். ஊர் கோயில், பெயர் சாமி, குடும்பப் பெயர் பா. உலகத்தில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அது தமிழிலிருந்து போனது என்று வாரம் ஒரு கடிதம் போடும் நம் நெடுநாள் வாசகர் இதைப் பார்த்திருந்தால், டெக்ஸாஸில் பாணர் மரபு என்று ஒரு கட்டுரை வந்து விழுந்திருக்கும். ஐயா, தயவுசெய்து வேண்டாம். அது வெண்பாவும் இல்லை, ஆசிரியப்பாவும் இல்லை. அந்த ஊர்க் குடும்பப் பெயர்.

1937இல் வாஷிங்டன் அணிக்கு ஆட வந்தார். அப்போது அந்த அணியின் பெயர் ரெட்ஸ்கின்ஸ். பூர்வகுடிகளைத் தோல் நிறத்தால் குறிக்கும் அந்தப் பெயரைக் கைவிட அவர்களுக்கு 2020 வரை ஆனது. முதலாளி ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல், அந்த நாட்டின் தொழில்முறைக் கால்பந்து லீக்கிலேயே கடைசியாகக் கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்ட ஆள். அதுவும் 1962இல், அரசாங்கம் நெருக்கிய பிறகு. ஆனால் விளம்பரம் தெரிந்தவர். புது ஆட்டக்காரர் டெக்ஸாஸ்காரர் அல்லவா, கௌபாய் தொப்பியும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வரச் சொன்னார். பா அதுவரை அப்படி உடுத்திப் பழகியவர் இல்லை. பூட்ஸ் காலைக் கடித்தது. அழைப்பிதழ் அடிப்பவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. பயிற்சியாளர் ரே ஃப்ளாஹெர்ட்டி கரும்பலகையில் படம் போட்டு, ஓடுகிறவன் இந்த இடத்துக்கு வந்ததும் பந்து அவன் கண்ணில் போய் அடிக்க வேண்டும் என்று விளக்கினாராம். பா கேட்டாராம்: 'சரி, எந்தக் கண்?' முதல் வருஷத்துப் பையன்! அந்த வருஷமே இறுதியாட்டத்தில் சிகாகோ பேர்ஸை 28-21 என்று ஜெயித்தார்கள். அதில் மூன்று டச்டவுன்கள், அதாவது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்த்து எடுக்கும் புள்ளிகள், இவர் எறிந்த பந்தில் வந்தவை.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. பந்தைக் கையில் வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சி, அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாது என்று தெரிந்தால் கடைசி முயற்சியில் பந்தைக் கையிலிருந்து விட்டுக் காலால் ஓங்கி உதைத்து எதிரியின் எல்லைப் பக்கம் அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பன்ட் என்று பெயர். மற்றபடி பெரும்பாலும் கைவேலைதான். 'காற்பந்து' என்று றகரம் போட்டே தீர வேண்டும் என்று என்னோடு பல வருஷமாகச் சண்டை போடும் புலவர் நண்பருக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன். காலுக்கே வேலை குறைவான ஆட்டத்தில் றகரத்துக்கு மட்டும் என்ன அவசரம்?

இப்போது 1943க்கு வாருங்கள். போர்க்காலம். ஆட்டக்காரர்கள் படைக்குப் போய்விட்டார்கள். அணிக்கு 28 பேர்தான். பிலடெல்பியாவும் பிட்ஸ்பர்கும் ஆள் பற்றாமல் அந்த ஒரு வருஷம் ஒரே அணியாகச் சேர்ந்து ஆடின. ஆளை இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று விதியையும் தளர்த்திவிட்டார்கள். மாற்ற ஆள் வேண்டுமே! பா எறிந்தார், உதைத்தார், பந்து கைமாறியதும் அதே களத்தில் நின்று எதிரணி எறிந்ததை வழிமறித்துப் பறித்தார். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் எறிந்து சரியான கைக்குச் சேர்த்த எண்ணிக்கையில் முதலிடம், பன்ட்டில் முதலிடம், பறித்ததில் முதலிடம். பறித்தவை மட்டும் 11, பத்தே ஆட்டங்களில். எறிந்து முன்னேறிய கெஜக் கணக்கிலும் டச்டவுன் கணக்கிலும் சிகாகோவின் சிட் லக்மன்தான் முன்னால் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் மகன் பிடித்துக்கொள்வார்.

அந்த நவம்பரில் டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு டச்டவுன்களுக்குப் பந்து எறிந்தார், எதிரணியின் பந்தை நான்கு முறை பறிக்கவும் செய்தார். ஒரே ஆட்டத்தில் நான்கு பறிப்பு என்பதைப் பிறகு பலர் எட்டினார்கள். இன்றுவரை எவரும் தாண்டவில்லை.

பன்ட் கணக்கும் வேடிக்கையானது. 1940இல் உதைக்கு சராசரி 51.4 கெஜம். அந்தச் சாதனை 2022 வரை நின்றது. இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. நான்காவது முயற்சி வரை காத்திராமல் முன்னாலேயே, எறியப்போகிறார் என்று எல்லோரும் நினைத்திருக்கும்போது சட்டென்று உதைத்துவிடுவார். பின்னால் பிடிக்க ஆள் நின்றிருக்காது. பந்து உருண்டுகொண்டே போகும். இந்த மனிதர் எறிவாரா உதைப்பாரா என்று எதிரிக்குத் தெரியாததுதான் பாதி பலம். உதைப்பதற்கென்றே தனியாக ஒருவர் வந்து நிற்கும்போது அந்தச் சந்தேகத்துக்கு ஏது இடம்?

1943 டிசம்பர் 26, சிகாகோவின் ரிக்லி மைதானம், இறுதியாட்டம். என்னைக் கேட்டால் பாவின் முழு வாழ்க்கையும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. பந்தை உதைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஓடி வந்தவர் லக்மன். அவரும் எறிபவர்தான், அவர் அணியிலும் ஆள் இல்லைதான்! உதைத்தவரே ஓடிப்போய் மடக்க வேண்டிய நிலை. பா மடக்கப் பாய்ந்தார், தலையில் உதை விழுந்தது. மூளை கலங்கி வெளியே உட்கார்ந்திருந்தார். பிற்பாதியில் திரும்பி வந்தார், ஆனால் ஆட்டம் கைவிட்டுப் போயிருந்தது. லக்மன் ஐந்து டச்டவுன்களுக்கு எறிந்தார். 41-21. இன்றைக்கு எறிபவரைப் பயிற்சியில் தொட்டாலே குற்றம். தனிநிற ஜெர்சி போட்டு முட்டை மாதிரி பாதுகாக்கிறார்கள். எல்லாம் செய்கிறவருக்கு எல்லா அடியும் விழும் என்பதை எந்த அழைப்பிதழிலும் நான் பார்த்ததில்லை.

சிகாகோவுடன் அவருக்கு இருந்த கணக்கே தனி. 1940 இறுதியாட்டத்தில் 73-0 என்று தோற்றார்கள். லீக் சரித்திரத்தில் அதைவிட மோசமான தோல்வி இல்லை. ஆட்டத்தின் தொடக்கத்தில் பா எறிந்த ஒரு நல்ல பந்தை டச்டவுன் எல்லைக்குப் பக்கத்தில் சார்லி மலோன் நழுவவிட்டார். அதைப் பிடித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா என்று நிருபர் ஒருவர் கேட்டார். நிச்சயமாக, 73-7 ஆகியிருக்கும் என்றார் பா. நழுவவிட்டவர் மேல் ஒரு வார்த்தை இல்லை. நம் எழுத்தாளர்களிடம் புத்தகம் ஏன் விற்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அட்டைப்படம், அச்சகம், விமர்சகர், கடைசியில் நான்!

1945 இறுதியாட்டத்தில் விதியே விளையாடியது. அந்தக் காலத்தில் கோல்கம்பம் கோல்கோட்டின் மேலேயே நிற்கும். தன் எல்லைக்குள் நின்று பா எறிந்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பி விழுந்தது. அன்றைய விதிப்படி எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் முடிந்தபோது கிளீவ்லண்ட் 15, வாஷிங்டன் 14. அடுத்த பருவத்துக்குள் விதியை மாற்றினார்கள். கோப்பையை யாரும் திருப்பித் தரவில்லை. அதே வருஷம் அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 70க்கு மேல் சரியான கைக்குப் போய்ச் சேர்ந்தன, அந்த விகிதத்தைத் தாண்ட 1982 ஆனது. ஆனால் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது கம்பத்தில் பட்டதைத்தான்.

பிறகு அவருடைய முகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1944இல் அணி டி-அமைப்பு என்ற நிற்கும் முறைக்கு மாறியதும், ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிகிற, இன்று நாம் குவார்ட்டர்பேக் என்கிற ஆளானார். 1950இல் இஷ்டப்படி ஆள் மாற்றலாம் என்ற விதி நிரந்தரமானது. தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம், உதைக்க ஒருவர் என்று பிரிந்தது. 1952இல் பா விடைபெற்றார், 16 பருவம். பெட்நாரிக் என்ற பிலடெல்பியாக்காரர் 1960 இறுதியாட்டத்தில் இரண்டு பக்கமும் நின்று ஏறக்குறைய முழு ஆட்டமும் ஆடினார், அதன் பிறகு அது அரிதாகிவிட்டது. திறமை வற்றிப்போய் இது நடக்கவில்லை. ஆள் கிடைத்தது, நடந்தது. இன்று ஒரு அணிக்கு 53 பேர்.

பா சில வருஷம் பயிற்சியாளராக இருந்து பார்த்தார், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மேற்கு டெக்ஸாஸில் ரோட்டனுக்குப் பக்கத்தில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார். போர்க்காலத்தில் வாரம் முழுக்க மாட்டைப் பார்த்துவிட்டு ஆட்டத்துக்கு மட்டும் விமானத்தில் போய் வந்தவர். மார்ஷல் வேஷம் போட்டுவிட்ட கௌபாய் கடைசியில் நிஜ கௌபாய் ஆகிவிட்டார். 2008இல் 94 வயதில் காலமானார்.

ஹன்டர் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் தேர்வில் 2025இல் இரண்டாவது ஆளாகத் தேர்வாகி ஜாக்சன்வில் அணிக்குப் போயிருக்கிறார். 53 பேர் இருக்கும் காலத்தில், வேண்டும் என்றே இரண்டு பக்கமும் நிற்கிறார். அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. அவரை ஆளுமை என்று சொல்லுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் முதலாமவர் என்று மட்டும் உங்கள் மகன் சொல்ல வேண்டாம். பன்ட் அடிக்க அந்த அணியில் தனியாக ஒருவர் சம்பளம் வாங்குகிறார்.