அம்மா சரி என்றால்தான் அடுத்த அடி

அமெரிக்காவில் நர்சிங் ஹோம், அசிஸ்டட் லிவிங் இல்லங்களில் இருப்பவர்களுக்காகப் பேச ஒவ்வொரு மாநிலத்திலும் ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) திட்டம் உண்டு. 1972-ல் சில மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கியது, 1978-ல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயமானது. (நம்மூரில் நர்சிங் ஹோம் என்றால் சின்ன ஆஸ்பத்திரி. அங்கே அது வருடக்கணக்கில் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம். அசிஸ்டட் லிவிங் என்பது அன்றாட வேலைகளுக்குத் துணை கிடைக்கும் இல்லம்.) இது பற்றி வந்த மூன்று கேள்விகள்:

கேள்வி: நர்சிங் ஹோமில் அம்மா பெல் அடித்தால் யாரும் வருவதில்லை. ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். 'அம்மாவிடம் கேட்காமல் எதுவும் செய்ய முடியாது' என்கிறார்கள். மகள் சொன்னால் போதாதா? – வாசகி, நியூ ஜெர்சி

போதாது. உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் அந்த விதி அம்மாவைக் காப்பதற்காகவே இருக்கிறது. ஆம்புட்ஸ்மன் அம்மாவின் ஆள். இல்லத்தின் ஆளும் இல்லை, குடும்பத்தின் ஆளும் இல்லை. புகார் யார் கொடுத்தாலும், அங்கே தங்கியிருப்பவரின் சம்மதமின்றி அவர் பெயரை வெளியிடக் கூடாது என்பது மத்தியச் சட்டம். சம்மதம் சொல்ல முடியாத நிலையில் அம்மா இருந்தால், அவருடைய சட்டப்படியான பிரதிநிதியிடம் கேட்பார்கள்.

"வேண்டாம்மா, அப்புறம் ராத்திரி டயப்பர் மாத்த வர்றவங்க மூஞ்சிய தூக்கி வெச்சுப்பாங்க" என்று அம்மா மறுத்தால்? அப்போதும் வழி இருக்கிறது. அதே வராந்தாவில் இருக்கும் மற்றவர்களிடமும் ஆம்புட்ஸ்மன் பேசி, யார் பெயரும் வராமல் பொதுப் பிரச்சினையாக எடுக்கலாம். ரெசிடென்ட் கவுன்சில் (தங்கியிருப்பவர்களின் குழு) கூட்டத்தில் வைக்கலாம். அங்கே தங்கியிருப்பவர்கள் அழைக்காமல் ஊழியர்கள் அந்தக் கூட்டத்துக்கு வர முடியாது. அம்மாவுக்குத் தமிழ்தான் வசதி என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், நீங்கள் அந்த வேலையைச் செய்யாதீர்கள். மகள் எதிரே சொல்லத் தயங்கும் விஷயங்கள் அம்மாக்களுக்கு உண்டு.

சம்மதித்துவிட்டால், 'வருவதில்லை' என்று மொட்டையாகச் சொல்லாமல் ஐந்தாறு நாள் ஒரு தாளில் எழுதுங்கள். பெல் அடித்தது மாலை 6.10. ஆள் வந்தது 6.15. பெல் அடித்தால் எரியும் விளக்கை அணைத்துவிட்டு 'இதோ வரேன்' என்று போனார். திரும்பி வந்தது 6.52. நடுவில் விளக்கை அணைத்த அந்த வரிதான் முக்கியம். பெல் நேரத்தைக் கணினியில் பதியும் இல்லங்களில் இது '5 நிமிடத்தில் கவனித்தாயிற்று' என்றுதான் நிற்கும். அந்தத் தாளோடு கேர் பிளான் கூட்டம் (அம்மாவின் பராமரிப்புத் திட்டத்தைப் பேசும் கூட்டம்) கேளுங்கள்.

கேள்வி: எங்கள் கவுண்டியில் இல்லங்களுக்குப் போய்வரும் ஆம்புட்ஸ்மன் தன்னார்வலர்களை ஒருங்கிணைக்கும் வேலை எனக்குப் புதிதாக வந்திருக்கிறது. பயிற்சி முடித்த கையோடு பலர் நின்றுவிடுகிறார்கள். எங்கே தவறு? – வாசகர், டெக்சாஸ்

தொடக்கப் பயிற்சி குறைந்தது 36 மணி நேரம். அதில் தானே படித்துக்கொள்வது 7 மணி நேரத்துக்கு மேல் கூடாது. பிறகு ஆண்டுதோறும் 18 மணி நேரம். இந்தச் சுமையால் போகிறவர்களும் உண்டு. ஆனால் மனம் வெறுத்துப் போவது, எழுதி அனுப்பிய அறிக்கைக்கு அலுவலகத்திலிருந்து ஒரு வார்த்தையும் வராதபோது. அறிக்கை வந்த இரண்டு மூன்று நாளுக்குள் போன் செய்து, 'இந்தப் புகாரை இப்படி எடுத்துப் போகிறோம்' என்று சொல்லுங்கள். முதல் சில முறை பழகிய ஒருவரைக் கூடவே அனுப்புங்கள். மூடிய கதவைத் தட்டிவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பதைக்கூடப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

ஒருவருடைய அம்மா இருக்கும் இல்லத்தை அவருக்கே ஒதுக்காதீர்கள். அது நலன் முரண். நல்ல மனதோடு செய்யும் தவறுகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கட்டிலிலிருந்து தூக்கிவிடுவது, விழுங்கச் சிரமப்படுகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது. எதுவும் கூடாது.

எல்லாரும் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கே போனால் இல்லம் அந்த நேரத்தில் மட்டும் பளிச்சென்று இருக்கும். சாப்பாட்டு நேரம், மாலை, ஞாயிறு என மாற்றி அனுப்புங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் காலை உணவுக்கும் இடையே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருக்கிறது (சத்தான இரவுத் தின்பண்டம் கொடுத்து, அங்கிருப்பவர்கள் ஒத்துக்கொண்டால் 16). காலை பத்து மணிக்குப் போகிறவர் கண்ணில் இது படவே படாது. புகார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு இல்லத்துக்கும் போய்வர ஏற்பாடு செய்யுங்கள்.

பதிவேட்டில் பெரும்பாலும் குழம்புவது ஒரே இடத்தில்தான். ஒரு பாட்டி சோறு ஆறிப்போய் வருகிறது என்றும், காது மெஷின் காணோம் என்றும் சொன்னால், அது பதிவேட்டில் ஒரு கேஸ் (கோர்ட் வழக்கு இல்லை), இரண்டு புகார். 'தீர்ந்தது' என்று எழுதப் பாட்டி திருப்தியடைந்திருக்க வேண்டும். 'சரிசெய்துவிட்டோம்' என்று இல்லம் அனுப்பிய கடிதம் போதாது.

இவ்வளவும் செய்யத் தன்னார்வலர்கள் மட்டும் போதாது. 2,000 படுக்கைக்கு ஒரு முழுநேர ஊழியராவது வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ ஆலோசனை அமைப்பான இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 1995-லேயே பரிந்துரைத்தது. பட்ஜெட் கூட்டத்தில் அந்த எண்ணை எடுத்து வையுங்கள்.

கேள்வி: அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய நர்சிங் ஹோம், 'திரும்ப அனுப்பாதீர்கள்' என்று போனில் சொல்கிறது. – வாசகர், கலிபோர்னியா

போனில் சொன்னது நோட்டீஸ் ஆகாது. மெடிகேர், மெடிகெய்ட் (அரசு மருத்துவக் காப்பீடுகள்) அங்கீகாரம் பெற்ற இல்லம் என்றால், வெளியேற்றச் சட்டம் அனுமதிக்கும் ஆறு காரணங்களில் ஒன்றை எழுத்தில் சொல்ல வேண்டும். பொதுவாக 30 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். தேதி, எங்கே அனுப்புகிறார்கள், எப்படி மேல்முறையீடு செய்வது என எல்லாம் அதில் இருக்க வேண்டும். நகல் மாநில ஆம்புட்ஸ்மனுக்கும் போக வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்ததும் மேல்முறையீடு செய்துவிட்டால், முடிவு வரும்வரை பொதுவாக வெளியேற்ற முடியாது. அவர் அங்கே இருப்பதால் யாருக்காவது ஆபத்து என்று இல்லம் ஆவணத்தோடு காட்டினால்தான் விலக்கு.

இன்றே நோட்டீஸை எழுத்தில் கேளுங்கள். அப்பா அதே இல்லத்துக்குத்தான் திரும்ப விரும்புகிறார் என்றால், அதை ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் பிளானரிடம் (நோயாளி அடுத்து எங்கே போவது என்று ஏற்பாடு செய்பவர்) எழுதிக் கொடுங்கள். வேறு இடத்துக்குச் சம்மதம் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அசிஸ்டட் லிவிங் என்றால் மாநிலச் சட்டம் வேறு. உங்கள் பகுதி ஆம்புட்ஸ்மன் எண் இல்லத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்கும். இல்லாவிட்டால் முதியோர் உதவிகளைத் தேடித்தரும் எல்டர்கேர் லொக்கேட்டரை 1-800-677-1116-ல் கூப்பிடுங்கள். ஆம்புட்ஸ்மன் பேச வேண்டியது அப்பாவிடம், எனவே ஆஸ்பத்திரி அறை எண்ணையும் சொல்லிவிடுங்கள்.