சரணத்தை இடம் மாற்றினேன், எடுப்பு அறுந்துவிட்டது

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் தேருக்கென்று ஒரு பக்திப் பாடலை வீட்டிலேயே ரீப்பர் மென்பொருளில் ஒலிப்பதிவு செய்தேன். ஆதி தாளம். பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம், ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் ஓர் இடையிசை. மொத்தம் 11 ட்ராக் (தனித்தனி ஒலித்தடம்). மிருதங்கம் வாசித்த அண்ணா, வேகத்தைச் சீராக வைக்க டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோம் வேண்டாம் என்றுவிட்டார். எல்லாம் முடிந்தபிறகு, பாட்டெழுதிய பெரியப்பா இரண்டாம் சரணம்தான் முதலில் வரவேண்டும் என்கிறார். முதல் இடையிசையையும் பாதியாக்கச் சொல்கிறார். வெட்டி நகர்த்தினால் சரணத்தின் முதல் எழுத்து அறுந்துபோகிறது. ஒட்டிய இடத்தில் தாளமும் இடறுகிறது. பாடியவர் கொழும்புக்குத் திரும்பிவிட்டார். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், கோண்டாவில்

பாடியவரைத் திருப்பிக் கூப்பிடத் தேவையில்லை. அறுந்துபோன எழுத்து உங்கள் லப்டொப்பிலேயே பத்திரமாக இருக்கிறது. ரீப்பரில் ஒரு துண்டை வெட்டும்போது ஒலிக்கோப்பு வெட்டப்படுவதில்லை. அதன் ஒரு பகுதி மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். குரல் துண்டின் இடது விளிம்பை மவுஸால் பிடித்து இடப்பக்கம் மெல்ல இழுத்துப் பாருங்கள். எழுத்து வந்துவிடும்.

அது ஏன் அறுந்தது என்பது விளங்கினால் அடுத்த பாட்டில் இந்தத் தலையிடி இராது. நீங்கள் தாளத்தின் சமத்தில், அதாவது ஒரு தாளச் சுற்றின் முதல் அடியில், வெட்டியிருக்கிறீர்கள். மிருதங்கத்துக்கு அது சரியான இடம். ஆனால் உங்கள் சரணத்தின் எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், சமத்தில் இல்லை. முதல் எழுத்து அறுகிறது என்றால் அது அதீத எடுப்பு. தாளம் தொடங்க முன்னமே பாட்டு தொடங்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 96 அடி என்ற வேகத்தில் அரை அடி என்பது ஏறக்குறைய 0.31 செக்கன். ஓர் எழுத்தை விழுங்க அது தாராளம். அனாகத எடுப்பில் வேறு பிரச்சினை: பாட்டு சமத்துக்குப் பிறகு தொடங்குவதால், முன்பகுதியின் கடைசி எழுத்தின் இழுவை சமத்தைத் தாண்டி வந்து நின்றிருக்கும். அங்கே வால் அறும். மேல்நாட்டுப் பாட்டுகளை வைத்துச் செய்த பயிற்சி வீடியோக்கள் கோட்டில் வெட்டு, கோட்டில் ஒட்டு என்று சொல்லித்தருவதை நம் பாட்டுக்கு அப்படியே எடுத்தால் இப்படித்தான் முடியும். பகுதியின் எல்லை சமத்தில் இருக்கட்டும். குரலின் வெட்டு, பாடகர் மூச்செடுக்கும் இடத்தில் இருக்கட்டும். இரண்டும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்று கட்டாயமில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் புரொஜெக்டை வேறு பெயரில் சேமியுங்கள். மெட்ரோனோம் இல்லாமல் பதிந்த பாட்டுக்குத் திரையில் தெரியும் கட்டக்கோடுகளால் பயனில்லை, ஆகவே துண்டுகளை அந்தக் கோடுகளில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பை நிறுத்திவிடுங்கள். பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் சமத்தில் எம் விசையைத் தட்டுங்கள். ஒரு மார்க்கர் (அடையாளக்கோடு) விழும். கை கொஞ்சம் பிந்தியிருக்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கி, மார்க்கரை மிருதங்க அடி எழும்புவதற்கு மயிரிழை முன்னால் நகர்த்துங்கள். பிறகு இரண்டு மார்க்கருக்கு இடைப்பட்ட நேரத்தைத் தெரிவுசெய்து ஷிஃப்ட்டோடு ஆர் அழுத்தினால் அது ஒரு ரீஜன், அதாவது மொத்தமாக நகர்த்தக்கூடிய ஒரு பகுதி, ஆகும்.

இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும். இடையிசை ஒரு ரீஜன், சரணம் இன்னொரு ரீஜன் என்று பிரிக்கலாம். நான் பிரிக்கமாட்டேன். இடையிசையின் கடைசி வரி பாடகரின் கையைப் பிடித்துச் சரணத்தின் முதற்சுரத்தில் விடுவது. இரண்டாம் சரணம் மேல் ஸ்தாயியில் எடுக்கிறது, முதலாம் இடையிசை கீழே வந்து முடிகிறது என்றால், அந்த இரண்டையும் ஒட்டினால் யாரோ கதைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்ததுபோல் இருக்கும். ஆகவே இடையிசையையும் அதன் சரணத்தையும் ஒரே ரீஜனாக்கி, சேர்த்தே இடம் மாற்றுங்கள். பெரியப்பா நீளம் என்று சொன்ன இடையிசையும் அப்போது பாட்டின் பின்பகுதிக்குப் போய்விடும். அங்கே அது அவருக்கு நீளமாகத் தெரியுமா என்று ஒருக்கால் கேட்டுவிட்டே குறைக்கத் தொடங்குங்கள்.

நகர்த்தும்போது பழைய பாட்டின் மேலேயே கைவைக்காதீர்கள். பாட்டு முடிந்து ஒரு நிமிடம் தள்ளி வலப்பக்கம் வெற்றிடம் கிடக்கிறது. கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு மேல்பட்டியில் ரீஜனை இழுத்தால், உள்ளே இருக்கும் எல்லா ட்ராக்கும் சேர்ந்து கொப்பியாகும். பல்லவி, அனுபல்லவி, பெரியப்பாவின் சரணம் என்று புதிய வரிசையை அங்கே அடுக்குங்கள். பழையது இடப்பக்கம் அப்படியே இருக்கும். அடுக்கத் தொடங்குமுன், சத்தத்தின் ஏற்ற இறக்கப் புள்ளிகள் துண்டோடு சேர்ந்து நகரும்படி ஒப்ஷன்ஸ் பட்டியலில் இருக்கும் தெரிவு போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொன்றாகக் கையால் தெரிவுசெய்து நகர்த்தி நான் பட்டபாடு போதும். சுருக்கிவைத்த ஒரு ஃபோல்டருக்குள் நாதஸ்வர ட்ராக் இருந்தது மறந்துபோய், மற்றதை எல்லாம் 20 செக்கன் தள்ளிவிட்டேன். பாட்டு கோயில் ஒலிபெருக்கியில் போனபோது, பாடகி உருகிக்கொண்டிருந்த இடத்தில் நாதஸ்வரம் தன்பாட்டில் புகுந்தது. வீதியில் நின்ற ஒரு தவில்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இடையிசையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால், முன்பாதியையோ பின்பாதியையோ தூக்கி எறியவேண்டாம். 8 ஆவர்த்தனம் (தாளச் சுற்று) இருந்தால் முதல் 2, கடைசி 2 இரண்டையும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ள 4ஐ எடுங்கள். மிருதங்கத்தை அடிக்குச் சற்று முன்னால் வெட்டினால், அடுத்த அடியின் வேகமே ஒட்டை மறைத்துவிடும். வயலினை அதே இடத்தில் வெட்டினால் வில் நடுவில் முறிந்ததுபோல் கேட்கும். அதன் ஒட்டை மட்டும் முன்னோ பின்னோ தள்ளி, ஒரு சுரம் ஓயும் இடத்தில் வைத்து, இரண்டு துண்டையும் 30 முதல் 50 மில்லிசெக்கன் வரை ஒன்றன்மேல் ஒன்று படியவிடுங்கள். தம்புராவை இந்த விளையாட்டில் சேர்க்கவே வேண்டாம். சுருதியில் விழும் ஒட்டு எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் காதில் நெருடும். எல்லாம் அடுக்கி முடிந்தபிறகு, புதிய வரிசை முழுவதற்கும் ஒரே நீட்டாகத் தம்புராவைப் போடுங்கள்.

இனித் தாளம். ஒட்டு சரியாக இருந்தும் இடறுகிறது என்றால் அது வேக வித்தியாசம். மெட்ரோனோம் இல்லாமல் வாசித்தால் பாட்டு போகப்போகக் கொஞ்சம் ஓடுவது வழமைதான், அதில் பிழை சொல்லமாட்டேன். இரண்டு சரணத்திலும் 8 ஆவர்த்தனத்தை அளந்து பாருங்கள். ஆதி தாளத்தில் ஒரு சுற்றுக்கு 8 அடி, ஆக 64 அடி, 96 வேகத்தில் 40 செக்கன். 100 வேகத்தில் 38.4. வரிசையை மாற்றினால் வேகமானது முதலில் வந்து மெதுவானது பின்னால் வரும். பாட்டு மெல்ல ஏறினால் காது பொறுக்கும், இறங்கினால் களைத்துப்போனதுபோல் கேட்கும். இரண்டையும் 98க்குக் கொண்டுவாருங்கள்: வேகமானதைச் சுமார் 2 வீதம் இழுத்து, மெதுவானதை அதேயளவு சுருக்குவது, சுருதி மாறாமல். அந்தப் பகுதியின் 11 ட்ராக்கையும் சேர்த்தே செய்யவேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் 4 வீதம் இழுத்தால் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கத் தோல்) சத்தம் குழையத் தொடங்கும்.

ரீப்பரோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்கு: கியூபேஸ் என்ற மென்பொருளில் அரேஞ்சர் ட்ராக் இருக்கிறது. பகுதிகளின் வரிசையை ஒரு பட்டியலாக எழுதி ஓடவிட்டுக் கேட்கலாம். பிடித்தால் மட்டும் அதை நிரந்தரமாக்கலாம். ஸ்டூடியோ வன்னில் 2015இல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்து அதேபோல ஒன்றும், ஒத்திகை பார்க்க ஸ்க்ராச் பேட் என்ற தனி இடமும் உண்டு. வசதிதான். ஆனால் எடுப்பு எங்கே என்பது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. இந்த ஒரு பாட்டுக்காக மாறத் தேவையில்லை.

ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு சேமியுங்கள். 2022இல் கரண்ட் போய்வந்த காலத்தில் பழகியது, என் கை இன்னும் விடவில்லை.

பெரியப்பாவுக்கு அனுப்பும்போது பழைய வரிசையையும் புதிய வரிசையையும் இரண்டு கோப்பாக அனுப்புங்கள். எது எது என்று எழுதவேண்டாம்.