கொலராடோவில் கொலை வழக்கு ஜாமீனை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது ஏன்?

மரண தண்டனையை ஒழித்ததன் பக்கவிளைவுதான் இது. அமெரிக்காவின் கொலராடோ மாநில அரசியலமைப்பின்படி, குற்றம் சாட்டப்பட்ட எல்லோருக்கும் ஜாமீன் உரிமை உண்டு. முக்கியமான விதிவிலக்கு, மரண தண்டனைக்குரிய குற்றம். அதிலும் ஆதாரம் வலுவாக இருந்தால்தான் மறுக்கலாம். முதல்நிலைக் கொலை (திட்டமிட்டுக் கொல்வது போன்ற மிகக் கடுமையான கொலைக் குற்றம்) அந்தப் பட்டியலில் இருந்தது.

2020-இல் மரண தண்டனை ஒழிந்தது. விதிவிலக்கு மட்டும் ஏட்டில் அப்படியே கிடந்தது. மரண தண்டனையே இல்லாதபோது அதற்குரிய குற்றம் ஏது என்று 2023-இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. சட்டப்படி சரியான தீர்ப்புதான், சட்டமன்றம் கவனிக்காமல் விட்டதை நீதிபதிகள் எப்படி ஒட்டுப்போடுவார்கள்? ஆகவே கொலை வழக்கிலும் நீதிபதி ஏதாவது ஒரு ஜாமீன் தொகையைச் சொல்லியாக வேண்டியிருந்தது; பணம் புரட்டியவர் வெளியே வர முடிந்தது.

அரசியலமைப்பைத் திருத்த மக்கள் ஒப்புதல் கட்டாயம். 2024 நவம்பரில் 'திருத்தம் ஐ' வாக்குக்கு வந்து, சுமார் 68% ஆதரவுடன் நிறைவேறியது. இப்போது முதல்நிலைக் கொலை என்று பெயர் சொல்லியே விதிவிலக்கு இருக்கிறது.

ஆனால் குற்றச்சாட்டு மட்டும் போதாது. ஆதாரம் வலுவானது என்று அரசுத் தரப்பு நீதிபதியை நம்பவைத்தால்தான் ஜாமீனை மறுக்க முடியும்.