இடைக்கால ஐரோப்பாவில் 'அரசன் கடவுளின் தேர்வு' என்பதை மக்கள் உண்மையிலேயே நம்பினார்களா, இல்லை அது மேலிடத்தில் கட்டிவிட்ட கதையா?

கட்டிவிட்ட கதைதான். ஆனால் மக்கள் அதை நம்பியதும் நிஜம். நான் பல வருடங்களாகப் பாரிஸ் பக்கம் வசிப்பதால் எனக்கு நன்றாகத் தெரிந்த பிரான்ஸை வைத்தே சொல்கிறேன்.

பாரிஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் ரான்ஸ் (ஆங்கிலத்தில் ரீம்ஸ் என்பார்கள்) வந்துவிடும். அங்குள்ள பேராலயத்தின் உள்ளே தரையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள்: 'இங்கே புனித ரெமி, ஃபிராங்குகளின் அரசன் குளோவிஸுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.' பலர் அதை மிதித்துக்கொண்டு போகிறார்கள், எனக்குக் கால் வரவில்லை, சுற்றிக்கொண்டு போனேன். ஃபிராங்குகள் என்பது இன்றைய பிரான்ஸை அப்போது ஆண்ட இனம், ரெமி ரான்ஸ் ஆயர். பிரெஞ்சு முடியாட்சியின் கதை முழுக்க அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது.

கதை இதுதான்: சுமார் 496, கிறிஸ்துமஸ் நாள். கோயிலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம், அபிஷேக எண்ணெய் கொண்டுவந்தவரால் உள்ளே நுழைய முடியவில்லை. ரெமி வானத்தைப் பார்த்து வேண்ட, ஒரு வெள்ளைப் புறா அலகில் சின்னக் குப்பியுடன் இறங்கி வருகிறது. அந்த எண்ணெயைத்தான் பின்னாளில் பிரெஞ்சு அரசர்கள் தங்கள் தலையில் பூசிக்கொண்டார்கள்.

சரி, புறா எப்போது வந்தது? குளோவிஸ் செத்து நூறு வருடத்துக்குள் எழுதிய தூர் நகர ஆயர் கிரகோரி, ஞானஸ்நானத்தை விலாவாரியாக வர்ணிக்கிறார், மெழுகுவர்த்தி மணம், கூடவே ஞானஸ்நானம் பெற்ற மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் எல்லாம் உண்டு, புறா மட்டும் இல்லை. அது எழுத்தில் நன்றாகக் காலூன்றுவது 9ஆம் நூற்றாண்டில். 869இல் மெட்ஸ் நகரில் ஓர் அரசருக்கு முடிசூட்டும்போது, வானத்திலிருந்து வந்த எண்ணெய் இன்னும் எங்களிடம் இருக்கிறது என்று ஹின்க்மார் அறிவிக்கிறார். அவர் யார்? ரான்ஸ் பேராயர்! அரசனுக்கு அபிஷேகம் செய்யும் உரிமை யார் கையில் என்பதில் அவருக்கு இருந்த அக்கறை புரிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், குளோவிஸுக்குப் பூசியது ஞானஸ்நான எண்ணெய். அவன் அதற்குப் பதினைந்து வருடம் முன்பே அரசன். எண்ணெய் பூசி அரசனாக்கும் வழக்கமே 751இல், பழைய வம்சத்தை இறக்கிவிட்டு பெப்பின் அரியணை ஏறியபோதுதான் ஃபிராங்குகளிடம் வந்தது. அரச ரத்தம் இல்லாதவனுக்கு எண்ணெய் தேவைப்பட்டது.

இதோடு நிறுத்தியிருந்தால் நானும் 'எல்லாம் ஏமாற்று' என்றுதான் எழுதியிருப்பேன். என்னை மாற்றியது 1429.

அப்போது பிரெஞ்சு அரியணைக்காக ஆங்கிலேயரோடு நீண்ட போர் நடந்துகொண்டிருந்தது, பிரெஞ்சு அரசரின் மகன் ஏழாம் சார்லஸுக்கு எதுவுமே இல்லை. 1420 ஒப்பந்தப்படி அவனுடைய தகப்பனே ஆங்கில அரசனை வாரிசாக ஏற்றுக்கொண்டுவிட்டார், பாரிஸ் எதிரி கையில். 1422இல் தகப்பன் இறந்த பிறகு சார்லஸ் தன்னை அரசன் என்றுதான் சொல்லிக்கொண்டான், ஆனால் ஜோன் ஆஃப் ஆர்க் என்ற விவசாயக் குடும்பத்துப் பெண், அபிஷேகம் ஆகும்வரை அவனை 'இளவரசே' என்றுதான் கூப்பிட்டாள். ஓர்லியான் நகரை ஆங்கிலேயர் போட்டிருந்த முற்றுகை உடைந்த பிறகு பாரிஸைப் பிடிக்கலாம், நார்மண்டிக்குப் போகலாம் என்று ஆளுக்கொரு யோசனை; அவள் ஒரே பிடியாக ரான்ஸுக்குத்தான் போக வேண்டும் என்றாள். எதிரிப் பிரதேசத்தின் நடுவே படையோடு போனார்கள். ஜூலை 17 அன்று அபிஷேகம். முடிசூட்டு விழாவுக்கான பழைய கிரீடம் ஆங்கிலேயர் வசமிருந்த, பாரிஸ் பக்கத்துச் சான் தெனி மடாலயத்தில் மாட்டிக்கொண்டது, அதனால் கிடைத்த ஒரு கிரீடத்தை வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் குப்பி ரான்ஸில் இருந்தது. தங்க ஊசியால் அதிலிருந்து துளியூண்டு எடுத்து, வேறு தைலத்தில் கலந்து, தலை, மார்பு, தோள், முழங்கை மடிப்பு என்று பூசுவார்கள். அதற்காகவே அரசனின் சட்டையில் முடிச்சுப் போட்ட திறப்புகள் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ஆங்கிலேயர்கள் தங்கள் பத்து வயது அரசன் ஆறாம் ஹென்றிக்குப் பாரிஸ் நோத்ர தாமில் முடிசூட்டினார்கள். தாளில் உரிமை அவனுக்கு இருந்தது, எண்ணெய் இல்லை. அது எடுபடவே இல்லை.

பேராயர் தன் ஆலயத்துக்காகச் சொன்ன கதை, 560 வருடம் கழித்து எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் உயிரைக் கொடுக்கும் நம்பிக்கையாகியிருக்கிறது. அவளை ஏமாந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நம்பிக்கை எப்படிக் கரைந்தது என்பதும் பார்க்கக் கிடைக்கிறது. அபிஷேகம் பெற்ற அரசன் தொட்டால் கண்டமாலை (கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் நோய்) குணமாகும் என்று நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். 1775இல் பதினாறாம் லூயி தொட்டது சுமார் 2,400 பேரை. 1793இல் புரட்சிக்காரர்கள் குப்பியை நடுச்சதுக்கத்தில் சுத்தியலால் உடைத்தார்கள். பொறுக்கி வைத்த துண்டுகளையும் மிச்ச எண்ணெயையும் கொண்டு 1825இல் பத்தாம் சார்லஸுக்கு அபிஷேகம் நடந்தது, அவன் தொட வந்தவர்கள் நூற்றிச் சொச்சம் பேர். ஐந்தே வருடத்தில் அரியணையும் போயிற்று. ஆனால் எனக்கு மறக்காதது தொடும்போது சொல்லும் வாக்கியம். முன்பெல்லாம் 'அரசன் உன்னைத் தொடுகிறான், கடவுள் உன்னைக் குணமாக்குகிறார்' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் அதை 'குணமாக்குவாராக' என்று மாற்றிவிட்டார்கள்.