பக்கவாதம் வந்த அம்மாவுக்குத் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. கஞ்சி கொடுத்துப் பார்க்கலாமா?

இப்போதைக்கு வாய்வழியே எதுவும் வேண்டாம், மாத்திரைகூட. பக்கவாதம் வந்து நான்கு நாள்தான் ஆகிறது என்கிறீர்கள். அம்மாவால் பத்திரமாக விழுங்க முடிகிறதா என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல என் அப்பாதான் காரணம். அவருக்குப் பக்கவாதம் வந்த மறுநாள் காலை நானே காபி ஆற்றிக் கொடுத்தேன். அவர் இருமவே இல்லை. குடித்தபின் குரல் மட்டும் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் கொரகொரத்தது. சளி என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் இரவு காய்ச்சல், வலது நுரையீரலில் நிமோனியா. அதுவரை ஆஸ்பத்திரியில் யாரும் அவர் விழுங்குவதைச் சோதிக்கவில்லை.

புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவோம். உண்மையில் மூச்சுக்குழாய்க்குள் போனதை உடம்பு வெளியே தள்ளுகிறது. பக்கவாதத்தில் தொண்டையின் உணர்ச்சி மங்கிப்போனால் அந்த இருமலும் வராது, குடித்தது சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். உங்கள் அம்மாவுக்கு இருமல் வருவதால் உங்களுக்கு விஷயம் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை.

முதற்கட்டச் சோதனையைப் பயிற்சி பெற்ற நர்ஸே படுக்கையருகில் செய்துவிடலாம். நோயாளி நன்றாக விழித்திருக்க வேண்டும், நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒரு முறையில் 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வார்கள். நடுவில் நிறுத்தினாலோ, இருமினாலோ, குரல் ஈரமாக மாறினாலோ தேறவில்லை என்று அர்த்தம். 'கஸ்' (GUSS) என்ற இன்னொரு முறை எச்சிலை விழுங்குவதில் தொடங்கி, கூழ் பதத்துக்குப் போய், அப்புறம்தான் தண்ணீருக்குப் போகும். தண்ணீர் வேகமாக ஓடும், தளர்ந்த தொண்டை மூச்சுக்குழாயை மூடுவதற்குள் உள்ளே இறங்கிவிடும். அதனால் கஞ்சி நல்லது என்று உங்களுக்குத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கெட்டியானது தொண்டையிலேயே தங்கி, பிறகு மூச்சுக்குழாய்க்குள் வழிந்து இறங்குவதும் உண்டு. ரசம் சாதம் இன்னும் மோசம்: சோற்றை மெல்லும்போதே ரசம் ஓடிவிடும். வீட்டில் நாமாகக் கொடுத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

நர்ஸ் செய்யும் சோதனையில் தேறாவிட்டால் ஸ்பீச் தெரபிஸ்ட்டைக் கேளுங்கள். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதற்கும் அவர்கள்தான். நாக்கு, உதடு, குரல், விழுங்கும்போது குரல்வளை மேலேறுவது எல்லாம் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் பொருள்) கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பார்கள். அப்பாவுக்குக் கேமராதான். எந்தப் பதம் ஒத்துக்கொள்ளும் என்று அதில்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்தபின் கெட்டியாக்கிய பானத்தை 10 மில்லி சிரிஞ்சில் ஊற்றி, 10 விநாடி ஒழுகவிட்டு, மீதியை அளந்து பதம் பார்ப்போம். 4 முதல் 8 மில்லி மீதி நிற்க வேண்டும் என்பது அவருக்குச் சொன்ன கணக்கு.

அம்மா பத்திரமாக விழுங்கும்வரை உணவு கொடுக்க மூக்கில் குழாய் போட்டால் பயப்படாதீர்கள். குழாய் இருக்கிறதே என்று வாயைச் சுத்தம் செய்யாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். உள்ளே இறங்கும் எச்சிலோடு வாய்க் கிருமிகளும் போகும்.