அந்தாண்ட இருக்கிற நோக்கம்

அன்புள்ள சார், வணக்கம். எனக்கு ஈரோடு, வேலை சென்னையில. என் வேலையை ஒரு ஜூனியர் பொண்ணுக்கு நானே உக்காந்து கத்துக்குடுத்தேன். அவங்க தேறிட்டா அடுத்த வருஷம் ஊர்ப்பக்கம் ட்ரான்ஸ்ஃபர் கேட்டு அப்பா அம்மாகூட இருக்கலாம்னு எண்ணம், அதை டீம்ல எல்லார்கிட்டயும் சொல்லியும் இருந்தேன். இப்போ மேனேஜர் மெயில்ல எனக்கு "அல்டீரியர் மோட்டிவ்" இருக்குன்னு எழுதிட்டார். அம்மாகிட்ட அதுக்கு உள்நோக்கம்னு அர்த்தம் சொன்னேன், "என்னடா திருட்டுத்தனம் பண்ணின"ன்னு கேட்டுட்டாங்க. ரெண்டு வார்த்தையும் ஒண்ணுதானா சார்?

தம்பிக்கு,

ஒண்ணு இல்ல. அம்மா பதறினாங்க பாருங்க, அதுலயே வித்தியாசம் தெரியுது.

அல்டீரியர்ங்கிறது லத்தீன் வார்த்தை. "இன்னும் தள்ளி, அந்தாண்ட இருக்கிறது"ன்னு அர்த்தம், அவ்ளோதான். அல்ட்ரா, அல்டிமேட் எல்லாம் அதே குடும்பம். கி.மு. 197ல ரோமானியர்கள் ஸ்பெயினை ரெண்டு மாகாணமா பிரிச்சப்போ தங்களுக்குக் கிட்ட இருந்ததுக்கு ஹிஸ்பானியா சிடேரியர்னும் தள்ளி இருந்ததுக்கு ஹிஸ்பானியா அல்டீரியர்னும் பேர் வச்சாங்க, மெட்ராஸ்ல இந்தாண்ட அந்தாண்டன்னு சொல்றோமே அதே கணக்கு, ஜூலியஸ் சீசர் கி.மு. 61ல கவர்னரா போனது அந்த அந்தாண்ட ஸ்பெயினுக்குத்தான். வெர்ஜில்ங்கிற ரோமானியக் கவிஞர் ஒரு இடத்துல, செத்தவங்க ஆத்தங்கரையில நின்னு அக்கரைக்குப் போகணுங்கிற ஏக்கத்துல கையை நீட்டுறாங்கன்னு எழுதுறார், அந்த அக்கரைக்கு அவர் போட்ட சொல்லும் இதேதான். அதைப் படிச்சதுல இருந்து இந்த வார்த்தையை கெட்ட வார்த்தையா நினைக்க எனக்கு மனசு வரல.

17ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குள்ள வந்தப்போவும் அந்தப் பக்கம், அப்பால்ங்கிற அர்த்தம் கூடவே வந்துச்சு. அப்புறம் மோட்டிவ்கூட சேர்ந்தே திரிஞ்சு மறைச்சு வச்சதுங்கிற வாடை ஏறிப்போச்சு. ஆனா கிரிமினல் சட்டத்துல பழைய அர்த்தம் இன்னும் உயிரோட இருக்கு, அங்க அல்டீரியர் இன்டென்ட்னே ஒண்ணு உண்டு. 1860ல போட்டு 2024 வரைக்கும் நடைமுறையில இருந்த இந்திய தண்டனைச் சட்டத்துல 441ஆவது பிரிவை எடுத்துக்கோங்க, அதுபடி அடுத்தவர் இடத்துல நுழைஞ்சது மட்டும் அத்துமீறல் குற்றம் ஆகாது, குற்றம் பண்ணவோ, அங்க இருக்கிறவரை மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, தொந்தரவு குடுக்கவோ நினைச்சு நுழைஞ்சிருக்கணும். அந்த நினைப்பை ஒருத்தன் வாசல்ல நின்னு ஊருக்கே கேக்குற மாதிரி கத்திச் சொல்லிட்டு நுழைஞ்சாலும் அது அல்டீரியர்தான். ஏன்னா அது செயலுக்கு அந்தாண்ட இருக்கு. ஒளிச்சு வச்சானா இல்லையாங்கிறது அங்க கேள்வியே கிடையாது.

இப்ப நம்ம சொல்லுக்கு வாங்க. நோக்கம்னா முதல்ல பார்வை. "கண்களவு கொள்ளும் சிறுநோக்கம்"னு வள்ளுவர் சொல்றது (1092ஆவது குறள்) காதலி திருட்டுத்தனமா பார்க்கிற அந்தச் சின்னப் பார்வையை, எய்ம் கோல்னு நாம இன்னைக்கு சொல்ற அர்த்தம் அங்க இல்ல. கண்ணு எங்க போகுதோ அங்கதான் மனசும் போகும்ங்கிறதால பார்வைக்கான சொல்லே எண்ணத்துக்கும் ஆகிடுச்சுன்னு நான் புரிஞ்சுக்கிறேன், எவ்ளோ அழகான சொல் பாருங்க. அதுக்கு முன்னால "உள்" வந்து நின்னதும் திசையே மாறிடுது. லத்தீன்காரன் தூரத்தைக் காட்டுறான், நாம நெஞ்சுக்குள்ள காட்டுறோம். தூரத்துல இருக்கிறது வெட்டவெளியில இருக்கலாம், கண்ணு வச்சுப் பார்த்தா எவனுக்கும் தெரியும். உள்ள இருக்கிறது மூடித்தானே இருக்கும்! அதான் அம்மாவுக்கு உடனே திருட்டு ஞாபகம் வந்திருக்கு. ஆடு நனையுதேன்னு அழுத ஓநாய்க்கு இருந்தது உள்நோக்கம். உங்களுக்கு இருந்தது அது இல்ல தம்பி, உங்களுக்கு இருந்தது அடுத்த நோக்கம், நான் மொழிபெயர்த்தா இந்த இடத்துல அப்படித்தான் போடுவேன்.

மேனேஜர் இன்னைக்குப் புழங்குற அர்த்தத்துலதான் எழுதியிருப்பார், அதனால சும்மா விடாதீங்க. ட்ரான்ஸ்ஃபர் எண்ணத்தை டீம்ல எப்போ, யார் யார் இருக்கும்போது சொன்னீங்கன்னு தெளிவா எழுதி பதில் மெயில் போடுங்க, வார்த்தை ஆராய்ச்சி எதுவும் அதுல வேண்டாம். அம்மாகிட்ட மட்டும் நேர்ல போய், அந்த வார்த்தைக்கு அக்கரைன்னு அர்த்தம்மா, நான் பார்த்துட்டு இருந்த அக்கரை ஈரோடுதான்னு சொல்லுங்க.